செடியின் தாகத்தை அளந்தவர் – ஸ்டீபன் ஹேல்ஸ்

செடி வாடினால் நீர் ஊற்றுகிறோம். மண்ணில் ஈரம் இல்லை, அதனால் வாடியது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் மண்ணில் ஈரம் இருந்தும் செடி வாடுவதுண்டு. மணற்பாங்கான நிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஈரம் இருந்தால் செடி செழித்து நிற்கும். அதே பத்துப் பங்கு ஈரம் கனத்த களிமண்ணில் இருந்தால் செடி தலை சாய்ந்துவிடும். இதென்ன விந்தை!

மண்ணில் நீர் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த நீரை மண் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது என்பது வேறொரு கேள்வி. களிமண்ணின் நுண்ணிய துகள்கள் நீரை எளிதில் விடுவதில்லை. மண் ஒரு பக்கம் இழுக்க, வேர் மறுபக்கம் இழுக்க, இடையில் நடப்பது ஒரு கயிறிழுப்புப் போட்டி. வேரின் இழுப்பு மிஞ்சினால் செடி வாழும். மண்ணின் பிடி மிஞ்சினால் செடி மடியும். தாவரவியல் மாணவர்களாகிய நாம் இன்று 'நீரியல் திறன்' என்று படிப்பது இந்த இழுபறியின் கணக்கைத்தான்.

இழுப்பு என்று ஒன்று இருக்கிறது என்று சொல்வது எளிது. அதைக் கருவி கொண்டு அளந்து, இத்தனை அங்குலம், இத்தனை பவுண்டு என்று எழுதி வைப்பது அரிது. தாவர உடற்செயலியலின் தந்தை என்று போற்றப்படும் ஸ்டீபன் ஹேல்ஸ் அந்த அரிய செயலைச் செய்தார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். ஒரு சிற்றூரின் பாதிரியார்.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் பெக்ஸ்போர்ன் என்னும் ஊரில், 1677-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் ஹேல்ஸ் பிறந்தார். செல்வாக்குள்ள குடும்பம். 1696-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் சேர்ந்தார். அதே ஆண்டில்தான் ஐசக் நியூட்டன் கேம்பிரிட்ஜை விட்டு லண்டன் நாணயச்சாலைப் பணிக்குச் சென்றார். நியூட்டன் போய்விட்டாலும், அவர் விட்டுச் சென்ற எண்ணம் அங்கே நிலைத்திருந்தது. இயற்கை கணக்கறிந்து இயங்குகிறது. ஆகவே அளந்தும் நிறுத்தும் பார்த்தால் அதன் மறைபொருள் விளங்கும் என்பதே அந்த எண்ணம்.

1703-இல் ஹேல்ஸ் அக்கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே அவருக்கு வில்லியம் ஸ்டியூக்லி என்னும் இளைய மாணவரின் நட்புக் கிட்டியது. இருவரும் கேம்பிரிட்ஜைச் சுற்றியுள்ள வயல்வெளிகளில் ஜான் ரேயின் தாவரப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு செடிகளைத் தேடி அலைந்தனர். தவளைகளை அறுத்துப் பார்த்தனர். சமயக் கல்வி பெற வந்தவர் இயற்கையையும் ஒரு வேதமாகப் படிக்கத் தொடங்கினார் எனலாம்.

டெடிங்டன் பாதிரியார்

1709-இல் லண்டனுக்கு அருகே, தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள டெடிங்டன் என்னும் சிற்றூரின் பாதிரியாராக ஹேல்ஸ் பொறுப்பேற்றார். அடுத்த ஐம்பத்தோராண்டுகள், அதாவது தம் இறுதி மூச்சுவரை, அவ்வூரே அவருடைய ஊர். உயர்ந்த பதவி ஒன்று விண்ட்சரில் அவருக்குக் கிடைக்கவிருந்தபோதும் அதை வேண்டாமென்று மறுத்துவிட்டார். 1720-இல் மணம் புரிந்தார். மறு ஆண்டே மனைவி மேரி காலமானார். குழந்தைகள் இல்லை. மறுமணமும் செய்துகொள்ளவில்லை.

அவருடைய முதல் ஆராய்ச்சி செடிகளைப் பற்றியதன்று, குருதியைப் பற்றியது. குருதி உடலில் சுற்றி ஓடுகிறது என்பதை வில்லியம் ஹார்வி 1628-இலேயே உலகுக்கு அறிவித்திருந்தார். ஆனால் அது எவ்வளவு விசையுடன் ஓடுகிறது என்பதை யாரும் அளந்ததில்லை. ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைப் பொருத்தி, அதனுடன் ஒன்பது அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாயை இணைத்தார் ஹேல்ஸ். குருதி அக்குழாயில் இதயத்தின் மட்டத்திற்கு மேல் எட்டு அடி மூன்று அங்குலம் ஏறி நின்றது. உலகில் இரத்த அழுத்தம் நேரடியாக அளக்கப்பட்டது அதுவே முதல் முறை.

இந்தச் சோதனைகள் நம் மனத்தை உறுத்தவே செய்கின்றன. மயக்க மருந்து இல்லாத காலம் அது. அண்டை ஊரான ட்விக்கன்ஹாமில் வாழ்ந்த கவிஞர் அலெக்சாண்டர் போப், ஹேல்ஸின் நண்பர். அவர் பண்பைப் பெரிதும் மதித்தவர். எனினும் உயிருள்ள விலங்குகளை அறுப்பதைப் போப் ஏற்கவில்லை. ஹேல்ஸின் பெருமையைச் சொல்லும்போது இதையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. விலங்குகளிடமிருந்து அவர் செடிகளின் பக்கம் திரும்பியது அறிவியலுக்குக் கிடைத்த நற்பேறு.

அழுத திராட்சைக் கொடி

திருப்பம் தற்செயலாக நேர்ந்தது. வேனிற்காலத் தொடக்கத்தில் திராட்சைக் கொடியை வெட்டினால் வெட்டுவாயிலிருந்து சாறு சொட்டும். கொடி அழுகிறது என்று தோட்டக்காரர்கள் சொல்வர். ஹேல்ஸின் தோட்டத்தில் ஒரு முதிய கொடி, காலந்தவறி வெட்டப்பட்டதால் நில்லாமல் அழுதது. கொடி செத்துவிடுமோ என்று அஞ்சிய அவர், வெட்டுவாயின் மீது விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலை இறுகக் கட்டினார். சாறு நிற்கவில்லை, தோல் பலூனைப் போல உப்பியது.

மற்றவராயின் இன்னொரு கட்டுப் போட்டிருப்பார். ஹேல்ஸுக்குக் குதிரையின் நினைவு வந்தது. தமனியில் பொருத்திய குழாயைக் கொடியிலும் பொருத்தினால் என்ன? வெட்டிய அடித்தண்டின் மேல் பித்தளைக் கழுத்தை இறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடிக் குழாய்களை இணைத்தார். சாறு ஏறிக்கொண்டே போயிற்று. இருபத்தோரடி உயரம் ஏறியது. ஏணி வைத்து ஏறிப் பார்க்க வேண்டிய நிலை! பின்னர் வளைகுழாயில் பாதரசத்தை ஊற்றி அளந்தார். கொடியின் சாறு 32½ அங்குலப் பாதரசத்தைத் தாங்கி நின்றது. நீராயிருந்தால் அது 36 அடிக்கு மேல் உயர்ந்திருக்கும். குதிரையின் தமனியில் குருதிக்கு உள்ள விசையைப்போல் இது ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கணக்கிட்டார். இதயம் இல்லாத ஒரு கொடி, குதிரையின் இதயத்தைத் தோற்கடித்தது!

இதைத்தான் நாம் வேரழுத்தம் என்கிறோம். வெட்டிய தண்டில் ரப்பர்க் குழாயை மாட்டி, பாதரச அழுத்தமானியைப் பொருத்திய படம் நம் பாடநூல்களில் உண்டு. அந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பது டெடிங்டன் தோட்டத்தில் அழுத இந்தக் கொடிதான்.

சூரியகாந்தியும் தராசும்

கொடி நீரைத் தள்ளுகிறது என்று தெரிந்தது. செடி எவ்வளவு நீரைச் செலவிடுகிறது? 1724-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 3-ஆம் நாள், மூன்றரை அடி உயரமுள்ள ஒரு சூரியகாந்தியைத் தொட்டியோடு எடுத்துக்கொண்டார் ஹேல்ஸ். மண்ணிலிருந்து ஈரம் ஆவியாகிக் கணக்கைக் கெடுக்காதபடி தொட்டியின் வாயை மெல்லிய ஈயத் தகட்டால் மூடினார். நீர் ஊற்ற ஒரு துளை. அதற்குத் தக்கை அடைப்பான். காலையும் மாலையும் நிறுத்தார். இப்படி ஆகஸ்டு 8-ஆம் நாள் வரையிலான காலத்தில் பதினைந்து நாள் கணக்கெடுத்தார்.

வெப்பமும் வறட்சியும் மிகுந்த ஒரு பகலில் அச்செடி 1 பவுண்டு 14 அவுன்ஸ் நீரை இழந்தது. சராசரியாக ஒரு பகலுக்கு 1 பவுண்டு 4 அவுன்ஸ். பனி பெய்யாத வறண்ட இரவில் ஏறத்தாழ 3 அவுன்ஸ். மிகுந்த பனி பெய்த இரவிலோ எடை குறைவதற்கு மாறாக 2 அல்லது 3 அவுன்ஸ் கூடியிருந்தது.

அத்துடன் அவர் விட்டுவிடவில்லை. இலைகளையெல்லாம் கொய்து, அளவுக்கேற்பப் பிரித்துப் பரப்பைக் கணக்கிட்டார்: 5,616 சதுர அங்குலம், அதாவது 39 சதுர அடி. வேர்களின் பரப்பு 2,286 சதுர அங்குலம். குறைந்த பரப்புள்ள வேர், மிகுந்த பரப்புள்ள இலையின் செலவுக்கு ஈடுகொடுக்க வேண்டுமானால், வேரின் ஒவ்வோர் அங்குலமும் எவ்வளவு விரைவாக நீரை வாங்க வேண்டும் என்று வகுத்துச் சொன்னார். மனிதனுக்கு வியர்க்கும் அளவோடும் ஒப்பிட்டார். பருமனுக்குப் பருமன் வைத்துப் பார்த்தால், சூரியகாந்தி மனிதனைப்போல் 17 மடங்கு நீரை வெளிவிடுகிறது என்று கண்டார். மண்ணில் ஓரடிக் கனசதுரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டியெடுத்து, நிறுத்து, உலர்த்தி, மீண்டும் நிறுத்து அவற்றிலிருந்த ஈரத்தின் அளவையும் கண்டறிந்தார். செடியின் செலவும் மண்ணின் கையிருப்பும் ஒரே ஏட்டில் வரவு செலவுக் கணக்காக ஏறின.

பட்டாணியும் சாம்பலும்

இனிவருவதுதான் நம் கேள்விக்கு மிக அருகில் இருப்பது. வேர் நீரை இழுக்கிறதே, அந்த இழுப்பின் வலிமை என்ன? ஒரு பேரி மரத்தின் அருகே இரண்டரை அடி ஆழம் தோண்டினார். வேரின் நுனியை வெட்டி, நீர் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் அதைப் பொருத்தி, குழாயின் கீழ்முனையைப் பாதரசத்தில் ஆழ்த்தினார். வேர் நீரைக் குடித்தது. குடித்த நீரின் இடத்தை நிரப்பப் பாதரசம் மேலேறியது. ஆறே நிமிடத்தில் எட்டு அங்குலம்! செடியின் தாகம் முதன்முறையாக அங்குலக் கணக்கில் வந்து நின்றது.

உயிர் உள்ளதால்தான் வேர் இழுக்கிறதா? ஹேல்ஸ் ஓர் இரும்புப் பானையில் உலர்ந்த பட்டாணியை நிரப்பி, நீரூற்றி, மூடியின்மேல் எடைகளை ஏற்றினார். உப்பிய பட்டாணி 184 பவுண்டு எடையைத் தூக்கியது. பிறகு உயிரே இல்லாத பொருளுக்குப் போனார். சலித்த மரச் சாம்பலைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, அதனோடு பாதரச மானியை இணைத்தார். சாம்பலும் நீரை இழுத்தது; பாதரசம் ஏறியது. நுண்துகள்களுக்கிடையே உள்ள சிறுசிறு இடைவெளிகளே நீரைப் பற்றி இழுக்கின்றன என்பது விளங்கிற்று. மண்ணும் இத்தகைய துகள்களின் தொகுதிதானே! மண் நீரைப் பிடித்து வைப்பதும், விதை நீரை உறிஞ்சுவதும், வேர் நீரைக் குடிப்பதும் ஒரே தராசில் வைத்து ஒப்பிடத்தக்கவை என்னும் பெரும் உண்மையின் வாயிலில் அவர் நின்றார்.

ஆனால் அவர் கருவிக்கு ஓர் எல்லை இருந்தது. பாதரசம் மேலேறுவது வெளிக்காற்று அதனைத் தள்ளுவதால். காற்றின் அழுத்தமோ ஏறத்தாழ 30 அங்குலப் பாதரசத்துக்கு மேல் தள்ளாது. ஆகவே செடியின் இழுப்பு பத்து மடங்காயினும், பதினைந்து மடங்காயினும் அந்த மானி அதைக் காட்டாது. உண்மையில் அது அத்தனை மடங்குதான் என்பது பின்னாளில் தெரிந்தது.

கொள்கையைக் கைவிட்ட நேர்மை

அக்கால அறிஞர் பலர், விலங்கின் உடலில் குருதி சுற்றுவதைப் போலச் செடியிலும் சாறு சுற்றி ஓடுகிறது என்று நம்பினர். குருதியின் விசையை அளந்துவிட்டு வந்த ஹேல்ஸுக்கு இக்கருத்து இனிக்கக்கூடியதே. ஆயினும் அவர் சோதித்துப் பார்த்தார். கிளையின் நான்கு பக்கமும் வெவ்வேறு உயரத்தில் நடுத்தண்டுவரை வெட்டினார். அப்படியும் நீர் வளைந்து நெளிந்து மேலேறியது. கிளையைத் தலைகீழாக நீரில் வைத்தார், அப்போதும் உறிஞ்சியது. மூன்று மரங்களை ஒன்றோடொன்று ஒட்டுக்கட்டி, நடுமரத்தின் வேரை மண்ணிலிருந்து விடுவித்து அந்தரத்தில் தொங்கவிட்டார். அண்டை மரங்களிடமிருந்து நீர் பெற்று அது வாழ்ந்தது. இதயம்போல் ஓர் உறுப்பும் இல்லை, ஒருவழிக் குழாய்களும் இல்லை. எங்கே தேவையோ அங்கே நீர் இழுக்கப்படுகிறது என்று முடிவு செய்தார்.

தாம் கண்டுபிடித்த வேரழுத்தத்தையும் அவர் மிகைப்படுத்தவில்லை. இலைகள் விரிந்த கோடைக்காலத்தில் வெட்டினால் சாறு பொங்குவதில்லை என்பதைக் கண்டார். அப்படியானால் கோடையில் நீரை மேலேற்றுவது வேரின் தள்ளல் அன்று. இலைகளின் நீராவிப்போக்கே மேலிருந்து இழுக்கிறது. தாம் கண்டதே எல்லாவற்றுக்கும் விடை என்று பிடிவாதம் பிடிக்காமல், எண்கள் காட்டிய வழியில் அவர் சென்றார்.

இவற்றையெல்லாம் தொகுத்து 1727-இல் வெளியிட்ட நூலே 'வெஜிடபிள் ஸ்டாட்டிக்ஸ்'. அதை அச்சிட இராயல் கழகத்தின் தலைவர் என்ற முறையில் இசைவளித்துக் கையொப்பமிட்டவர் நியூட்டன். அடுத்த மாதமே அப்பெருமகனார் மறைந்தார். 1735-இல் பிரெஞ்சு அறிஞர் பியூஃபோன் இந்நூலைத் தம் மொழியில் பெயர்த்தார். குருதி பற்றிய ஆய்வுகள் 1733-இல் தனி நூலாயின. 1718-இலேயே இராயல் கழகத்தின் உறுப்பினராகியிருந்த ஹேல்ஸுக்கு 1739-இல் அக்கழகத்தின் காப்ளி பதக்கமும் கிட்டியது.

அறிவும் அருளும்

முதுமையில் ஹேல்ஸ் தம் அறிவை ஊருக்கு உழைக்க வைத்தார். கப்பலின் அடித்தளங்களிலும் சிறைக்கூடங்களிலும் கெட்ட காற்றில் மக்கள் மாண்டுகொண்டிருந்தனர். துருத்திபோல் இயங்கிக் காற்றை மாற்றும் பொறி ஒன்றை அமைத்தார். 1752-இல் லண்டனின் நியூகேட் சிறையில் காற்றாலையால் இயங்கும் அத்தகைய பொறி நிறுவப்பட்டது. மலிவான ஜின் மது ஏழைக் குடும்பங்களை அழித்த காலத்தில், 1734-இல் குடியின் கேட்டை விளக்கி நூல் எழுதி அதற்கெதிராகப் போராடினார். பழப் பணியாரம் வேகும்போது பாகு பொங்கி வழியாமலிருக்க நடுவில் ஒரு தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கும்படி இல்லத்தரசிகளுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே!

1754-இல் டெடிங்டன் மக்களுக்கு நல்ல குடிநீர் கிடைக்க வழி செய்தார். அப்போதும் அளவுக் கோலைக் கீழே வைக்கவில்லை. ஊற்றுநீர் இரண்டு குவார்ட்டுப் பாத்திரத்தை ஊசல் மூன்று முறை ஆடும் நேரத்தில் நிரப்புகிறது என்றும், அந்த ஊசலின் நீளம் இவ்வளவு என்றும் தேவாலயப் பதிவேட்டிலேயே எழுதி வைத்தார். நூறாண்டு கழித்து ஒருவர் ஐயுற்றாலும், அதே நீள ஊசலைச் செய்து சரிபார்த்துக்கொள்ளலாமன்றோ?

1761-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள், தம் 83-ஆம் வயதில் ஹேல்ஸ் இயற்கை எய்தினார். தாமே புதுப்பித்த தேவாலயக் கோபுரத்தின் அடியில் அடக்கம் செய்யப்பட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் இளவரசி அகஸ்டா அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார். வெண்ணிற மணிப்பூக்கள் தொங்கும் வட அமெரிக்க மரம் ஒன்று 'ஹலேசியா' என்ற பேரினப் பெயரால் இன்றும் அவரை நினைவூட்டுகிறது.

அவர் விட்ட இடத்திலிருந்து

ஹேல்ஸ் வாயிலில் நின்ற வீட்டினுள் பிறர் நுழைய நெடுங்காலம் ஆயிற்று. இலைகளின் இழுப்பு அறுபடாத நீர்த்தம்பத்தின் வழியே வேர்வரை எட்டுகிறது என்ற கொள்கையை 1894-இல் டப்ளினில் டிக்சன், ஜோலி இருவரும் முன்வைத்தனர். 1907-இல் அமெரிக்க இயற்பியலார் எட்கர் பக்கிங்ஹாம், மண் நீரைப் பற்றியிருக்கும் பிடியை ஆற்றல் கணக்கில் எழுதிக் காட்டினார். பிறகு லாரன்சோ ரிச்சர்ட்ஸ் போன்றோர் டென்சியோமீட்டரைச் செம்மைப்படுத்தினர். நுண்துளைப் பீங்கான் குமிழ் ஒன்றை மண்ணில் புதைத்து, அதிலுள்ள நீரை மண் எவ்வளவு விசையுடன் இழுக்கிறது என்பதை மானியில் காணும் கருவி அது. ஹேல்ஸின் சாம்பற்குழாயை நினைத்துப் பாருங்கள், உறவு விளங்கும். இக்கருவியும் ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டி அளக்காது என்பதில்கூட உறவுதான்!

1965-இல் ஷோலாண்டரும் துணைவர்களும் அழுத்தக் கலம் என்னும் கருவியால் அவ்வெல்லையைக் கடந்தனர். வெட்டிய கிளையைக் கலத்தில் அடைத்து, வெட்டுவாயை மட்டும் வெளியே நீட்டி, உள்ளே வாயு அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வெட்டுவாயில் சாறு தலைகாட்டும். செடியினுள் நீர் எவ்வளவு இழுவிசையில் இருந்தது என்பதை அந்த அழுத்தம் சொல்லிவிடும். நெடிய மரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி அளந்தனர் என்பது சுவையான செய்தி.

இன்று நாம் தூய நீரின் திறனைச் சுழி என்று கொள்கிறோம். பிடி இறுக இறுக எண் சுழிக்குக் கீழே இறங்கும். நன்கு நனைந்து வடிந்த வயலில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வளிமண்டல அழுத்தம். பல பயிர்கள் மீளாமல் வாடும் நிலையில் ஏறத்தாழ 15 வளிமண்டல அழுத்தம். மணலாயினும் களியாயினும் இந்த எண்ணே பேசும். கட்டுரைத் தொடக்கத்தில் கண்ட விந்தைக்கு இதுவே விடை. பத்துப் பங்கு ஈரமுள்ள மணல் தன் நீரைத் தளர்வாகப் பிடித்திருக்கிறது. அதே ஈரமுள்ள களிமண்ணோ 15 என்னும் எல்லையைத் தாண்டி இறுக்கிப் பிடித்திருக்கிறது. எப்போது நீர் பாய்ச்ச வேண்டும், எப்போது வேண்டாம் என்று வேளாண் அறிஞர் கூறும் அறிவுரைக்குப் பின்னால் இந்த எண் நிற்கிறது.

ஹேல்ஸ் வைத்திருந்தவை ஒரு தராசு, சில கண்ணாடிக் குழாய்கள், கொஞ்சம் பாதரசம், ஒரு பானைப் பட்டாணி. ஆய்வுக்கூடம் அவர் வீட்டுத் தோட்டம். வசதியில்லை, கருவியில்லை என்று செய்முறை வகுப்பில் முணுமுணுக்கும் நாம் அவரை நினைத்துக்கொள்ள வேண்டும். கொடி அழுவதை எத்தனையோ தோட்டக்காரர்கள் கண்டனர். அதன் கண்ணீரின் விசையைக் கேட்டவர் அவர். கேட்டதோடு நில்லாமல் அளந்தார். அளந்தது தம் காலத்து நம்பிக்கைக்கு மாறாக வந்தபோது நம்பிக்கையை விட்டார், எண்ணை விடவில்லை. அடுத்த முறை அழுத்தமானியில் பாதரசம் ஓர் அங்குலம் ஏறும்போது, தேர்வுக்குரிய படம் என்று மட்டும் அதைக் குறித்துக்கொள்ளாமல், ஏன் ஏறியது, ஏன் அதற்குமேல் ஏறவில்லை என்று நாமும் ஒரு கேள்வி கேட்போமா?